கணினி விளையாட்டுக்களும் பொறிமாற்றமும்

1993 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் 'மிஸ்ற்' என்னும் கணினி விளையாட்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அதனை ஆக்கியோர் றான்ட் மில்லர், றொபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் சிறு குழுவினருமாவர். ஆளரவமற்ற தீவொன்றில் விடப்பட்ட ஒருவன், ஆங்குள்ள பொறிகளையும் ஏடுகளையும் ஆராய்ந்து, அத்தீவில் முன்னர் நிகழ்ந்தது யாதெனத் தானே உய்த்துணர்தலே அவ்விளையாட்டு. அதிற் போரில்லை, ஓட்டமில்லை, இத்துணைக் காலத்துள் முடித்தல் வேண்டுமென்னும் வரையறையுமில்லை. எனினும் பல இலட்சம் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். கணினி விளையாட்டும் ஒரு கலையாதல் கூடும் என்று கருதியவர், அதற்குச் சான்றாக முதலில் எடுத்துக்காட்டியவற்றுள் அதுவும் ஒன்று.

மிஸ்ற் முதன்முதல் அப்பிள் நிறுவனத்தாரின் மக்கின்தோஷ் கணினிக்கென்றே ஆக்கப்பட்டது. அன்று விற்கப்பட்ட வட்டொன்றைப் பேணி வைத்திருக்கும் ஒருவர், அதே நிறுவனத்தார் ஏறக்குறைய அதே பெயரால் இன்று விற்கும் கணினியொன்றில் அதனை ஆட விழைவாராயின், விளையாட்டுத் தொடங்காது. வட்டிற் கீறலில்லை. கணினியிலும் பழுதில்லை. எழுதப்பட்டன யாவும் எழுதப்பட்டவாறே வட்டில் உள்ளன. அவற்றைப் படித்து விளங்கிக்கொள்ளும் பொறி இல்லாதொழிந்தமையே குறை.

ஏட்டுச்சுவடி செல்லரிக்கும்; அச்சிட்ட நூலின் தாள் பழுத்துப் பொடியும். அவ்வழிவு கண்ணாற் காணத்தக்கது, மெல்ல வருவது, கண்டவர் படியெடுத்துக் காத்தற்கு இடந்தருவது. கணினி விளையாட்டுக்கு வரும் அழிவோ பொருளின்கண் நிகழ்வதன்று. பொருளைச் சூழ்ந்த உலகின்கண் நிகழ்வது. அது யாங்ஙனம் நேர்கின்றது, எவ்வாறு தடுக்கப்படுகின்றது என்பன விளங்குதற்குக் கணினியின் மொழியைப்பற்றி முதற்கண் சிறிது அறிதல் வேண்டும்.

கணினியின் உள்ளே கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று நிறைவேற்றும் உறுப்புச் செயலி எனப்படும். அதற்கு விளங்குவன எண்கள் மாத்திரமே. இன்ன எண் வரின் கூட்டுக, இன்ன எண் வரின் நினைவகத்தின் இன்ன இடத்தில் உள்ளதைக் கொணர்க என்றிவ்வாறு செயலியை வகுத்தோர் முன்னரே விதித்து வைத்த கட்டளைத் தொகுதியே அச்செயலியின் மொழியாகும். அத்தொகுதியையும், எண்களை அடுக்கும் ஒழுங்கையும், நினைவகத்தின் இடங்களை முகவரியிடும் முறையையும் ஒருங்கு சேர்த்துச் செயலியின் கட்டமைப்பு என்பர். ஒரு செயலியின் மொழி பிறிதொன்றற்கு விளங்காது. சான்றாக, 169 என்னும் எண்ணை 6502 என்ற செயலிக்குக் கொடுத்தால், அடுத்து வரும் எண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொள்க என்று அது பொருள் கொள்ளும். அவ்வெண்ணையே இன்ரெல் நிறுவனத்தின் 8080 என்ற செயலிக்குக் கொடுத்தால், கையிலுள்ள எண்ணை வேறோர் எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மாத்திரம் குறித்துக்கொள்க என்று பொருள்படும். விளங்காத மொழியைக் கேட்ட மனிதன் வாளாவிருப்பான். செயலி அவ்வாறிராது, தவறாக விளங்கிக்கொண்டு, விளங்கியவாறே செய்து, ஈற்றில் நிலைகுலைந்து நிற்கும்.

இவ்வெண்களை மனிதர் நேரே எழுதுதல் அரிது. எனவே, மனிதர்க்கு ஓரளவு விளங்கும் மொழியொன்றிற் செய்நிரலை எழுதி, அதனைச் செயலியின் எண்மொழிக்குப் பெயர்க்கும் பணியைத் தொகுப்பான் என்னும் பிறிதொரு செய்நிரலிடம் விடுவர். மனிதர் எழுதியது மூலநிரல். தொகுப்பான் ஆக்கித் தருவது எண்நிரல். கடையில் விற்கப்படுவது எண்நிரல் மாத்திரமே. மூலநிரலை ஆக்கியோர் தம் வீட்டுப் பேழையிற் பூட்டி வைத்திருப்பர். இவ்வேறுபாடு பின்னர் வரும் செய்திகளுக்கெல்லாம் அடிப்படையாதலின் நினைவிற் கொள்ளற்பாலது.

மூலநிரல் கையிலிருப்பின், புதிய செயலிக்குரிய தொகுப்பானைக் கொண்டு அதனைப் புதிதாகப் பெயர்த்தெடுக்கலாம். இல்லையேல், பழைய செயலி போன்று நடிக்கும் செய்நிரலொன்றைப் புதிய பொறியிலே ஓடவிட்டு, அதன் முன்னிலையில் விளையாட்டை ஓட்டலாம். இத்தகைய நடிப்புச் செய்நிரலைப் போன்மி என்ப. பழைய எண்நிரலைப் புதிய எண்நிரலாக நேரே மொழிபெயர்த்தலும் உண்டு. தொல்காப்பியர் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார். மொழிபெயர்த்த நூலும் முதனூலின் வழித்தாய நூலேயன்றி வேறன்று என்னும் அக்கருத்துக் கணினி விளையாட்டுக்கும் பொருந்துமா என்பது பின்னர் ஆராயப்படும்.

மக்கின்தோஷ் கணினியின் வரலாறு இப்பொருளை விளக்குதற்கு மிகவும் ஏற்றது; ஒரே நிறுவனம் தன் பொறியின் செயலியை மும்முறை அடியோடு மாற்றிய வரலாறு அது. 1984 ஆம் ஆண்டின் முதல் மக்கின்தோஷ் மோட்டொறோலா நிறுவனத்தின் 68000 என்னும் செயலியைக் கொண்டிருந்தது. அவ்வினச் செயலிகளோடு பத்தாண்டு கழிந்தது. 1994 மார்ச்சில், அப்பிள், ஐபிஎம், மோட்டொறோலா ஆகிய மூவரும் கூடி வகுத்த பவர்பிசி என்னும் செயலி அதனிடத்தைப் பெற்றது. பழைய செய்நிரல்கள் ஒருநாளிற் பயனற்றுப் போகாவண்ணம், 68000 இனச் செயலி போன்று நடிக்கும் போன்மியொன்றையும் அப்பிள் நிறுவனத்தார் புதிய கணினியினுள் வைத்தனர். அதனால் மிஸ்ற் தொடர்ந்து ஓடிற்று. ஆடியவருட் பலர் செயலி மாறியதையே உணர்ந்திலர். 2001 ஆம் ஆண்டிற் பணிசெயல் முறைமை முற்றாகப் புதுக்கப்பட்டபோதும், பழைய முறைமையைப் புதியதன் உள்ளே ஓர் அறையில் குடியிருத்துவது போன்ற ஏற்பாடொன்று 'கிளாசிக்' என்ற பெயரால் அமைந்தது. அவ்வறையினுள்ளும் மிஸ்ற் உயிர்வாழ்ந்தது.

2005 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இனி இன்ரெல் செயலிகளையே பயன்படுத்துவோம் என ஸ்ரீவ் ஜொப்ஸ் அறிவித்தார். அடுத்த ஆண்டு சனவரியில் அக்கணினிகள் விற்பனைக்கு வந்தன. இம்முறை மாற்றம் மேலும் கடியது. அதன் காரணங்களுள் ஒன்று எண்களை அடுக்கும் ஒழுங்கு. இருநூற்று நாற்பத்தேழு என்பதை நூற்றிடம் முதலாக எழுதுவது உலக வழக்கு. ஒன்றினிடம் முதலாக எழுதுவாரும் ஒருவர் உளரெனக் கொண்டால், இவர் எழுதியதை அவர் எழுநூற்று நாற்பத்திரண்டு எனப் படிப்பர். பெரிய எண்களைப் பைற்றுக்களாகப் பிரித்து நினைவகத்தில் வைக்குமிடத்து, மக்கின்தோஷில் பவர்பிசி உயர்ந்த இடத்தை முன்வைத்தது. இன்ரெல் தாழ்ந்த இடத்தை முன்வைக்கும். இவ்விரு கட்சிக்கும் பெயரிட்டவர் டானி கோகன் என்பார். 1980 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில், ஜொனதன் சுவிப்ற் 1726 இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைக் கதையிலே முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா சிறுமுனையில் உடைப்பதா எனப் போரிட்ட மாந்தரின் பெயரையே இவற்றுக்குச் சூட்டினார். நகைக்கத்தக்க பெயரேயாயினும் அதனால் விளைந்த தொல்லை நகைக்கத்தக்கதன்று. படங்கள், ஒலிகள், சேமித்து வைத்த ஆட்டநிலைகள் ஆகிய அனைத்தும் எண்களே. ஓரிடத்தில் திருப்பி வாசிக்க மறந்தாலும் வானம் நிறம் மாறும். வீரன் சுவரினுள் நிற்பான்.

பவர்பிசிச் செய்நிரல்களை இன்ரெல் மொழிக்கு ஓட்டத்தின்போதே பெயர்க்கும் 'றொசெற்றா' என்னும் மொழிபெயர்ப்பியை அப்பிள் நிறுவனத்தார் உடன் வழங்கினர். எகிப்தில் 1799 இற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டின் பெயர் அது. ஆயினும் கிளாசிக் என்னும் அறை இன்ரெல் கணினிகளில் இடம்பெறவில்லை. எனவே 1993 ஆம் ஆண்டு மிஸ்ற் வட்டுக்குப் புதிய மக்கின்தோஷ்களிற் கதவடைக்கப்பட்டது 2006 ஆம் ஆண்டிலாம். ஐந்தாண்டு சென்றபின், 2011 ஆம் ஆண்டுப் பணிசெயல் முறைமையில் றொசெற்றாவும் விலக்கப்பட்டது. பவர்பிசிக்கென எழுதி, இன்ரெலுக்குப் பெயர்க்கப்படாத விளையாட்டுக்கள் யாவும் அன்றே வழக்கிறந்தன.

இதன்பின் நேர்ந்தது செயலி மாற்றமன்று. ஒரே செயலிக் குடும்பத்தினுள் நேர்ந்த அகல மாற்றம். முகவரியொன்றை 32 பிற்றுக்களால் எழுதினால், 429,49,67,296 இடங்களை மாத்திரமே சுட்டமுடியும். நான்கு கிகாபைற்று நினைவகத்தோடு அவ்வெண்ணிக்கை தீர்ந்துவிடும். 64 பிற்று முகவரிக்கு அத்தகைய இடர் அண்மையில் இல்லை. செயலிகள் 64 பிற்றுக்கு மாறியபின்னரும் 32 பிற்றுச் செய்நிரல்களை நெடுங்காலம் ஏற்றுக்கொண்டன. ஆனால் 2019 ஒக்டோபரில் வெளிவந்த 'கற்றலீனா' என்னும் முறைமையில் அப்பிள் நிறுவனத்தார் அவ்வசதியை நீக்கினர். 2010 ஆம் ஆண்டில் மக்கின்தோஷுக்கு வந்த 'ஹாப் லைப் 2', 'போர்ட்டல்' முதலிய புகழ்பெற்ற விளையாட்டுக்களும் 32 பிற்றுச் செய்நிரல்களாகவே நின்றமையாற் புதிய முறைமையில் ஓடாதொழிந்தன. மூலநிரல் உண்டு, உரிமையாளர் உளர், பொருளும் உண்டு, பெயர்த்தெழுதும் விருப்பமே இல்லை. இதனினும் வியப்பு யாதெனின், விண்டோஸ் செய்நிரல்களை மக்கின்தோஷில் ஓட்டும் கருவியொன்றை வேறொரு நிறுவனத்தார் கற்றலீனாவுக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டனர். அதனால், 32 பிற்று விண்டோஸ் விளையாட்டு மக்கின்தோஷில் ஓடுதல் கூடும். மக்கின்தோஷுக்கென்றே எழுதிய 32 பிற்று விளையாட்டு அங்கே ஓடுதல் கூடாது என்னும் நிலை தோன்றிற்று.

2020 நவம்பரில் மூன்றாம் செயலி மாற்றம் வந்தது. ஆம் என்னும் கட்டமைப்பைத் தழுவித் தாமே வகுத்த எம்1 செயலியை அப்பிள் நிறுவனத்தார் புகுத்தினர். றொசெற்றா என்ற பெயர் இரண்டாம் முறையும் பயன்பட்டது. இப்புதிய மொழிபெயர்ப்பி, பெரும்பாலும் செய்நிரலை நிறுவும்போதே முழுவதையும் பெயர்த்து வைத்துவிடுவதால், ஓட்டத்தில் விரைவுக் குறைவு அதிகம் புலப்படுவதில்லை. மேலும், நினைவகத்தில் எழுதும் வரிசைபற்றி இன்ரெல் செயலி கைக்கொள்ளும் விதியை எம்1 செயலியும் வேண்டியபோது கைக்கொள்ளுமாறு சில்லினுள்ளேயே ஏற்பாடு செய்திருந்தனர். மொழிபெயர்ப்பாளனுக்கு உதவும் பொருட்டு நாட்டின் சட்டத்தையே சிறிது திருத்தியமை போல்வது அது. 2025 யூன் மாதத்தில் இவ்வேற்பாட்டுக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆயினும் அவ்வறிவித்தலில் முன்னில்லாத புதுமையொன்று உண்டு. பேணுவாரின்றி விடப்பட்ட பழைய விளையாட்டுக்களின் பொருட்டு, றொசெற்றாவின் ஒரு பகுதி பின்னரும் வைத்திருக்கப்படும் எனக் கூறப்பட்டது. கணக்குப் பதியும் செய்நிரலுக்குப் பதிலாக வேறொன்று வாங்கலாம். விளையாட்டுக்குப் பதில் வேறு விளையாட்டன்று என்பதை அந்நிறுவனத்தார் மும்முறை மாற்றத்தின் பின்னராயினும் உணர்ந்தனர் போலும்.

பழையவற்றை என்றென்றும் சுமத்தல் இயலாது என்பார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பழைய வசதி ஒவ்வொன்றும் சோதிக்கப்படல் வேண்டும். அதன் வழியாகத் தீயோர் புகாமற் காக்கப்படல் வேண்டும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் இச்சுமையைப் பெரிதும் விரும்பியே சுமந்தனர். அவர்தாமும் 64 பிற்று விண்டோஸில் 16 பிற்றுச் செய்நிரல்களைக் கைவிட்டனர். அதனால், 1990 களின் பிற்பகுதியில் வந்த சில விளையாட்டுக்களுக்கு விந்தையானதோர் ஊறு நேர்ந்தது. விளையாட்டு 32 பிற்று; அதனை வட்டிலிருந்து எடுத்து நிறுவும் சிறு செய்நிரல் மாத்திரம் 16 பிற்று. ஆகவே வீடு நன்றாயிருப்பவும் வாயிற்கதவு திறவாதாயிற்று.

இனி, மொழி சரியாகப் பெயர்க்கப்பட்டால் விளையாட்டு முழுதாக வந்துவிடுமோ எனின், வாராது. விளையாட்டு காலத்தோடு பிணைந்தது. யப்பானில் தொமோகிறோ நிசிக்காடோ ஆக்கி 1978 இல் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தில், வானிலிருந்து இறங்கும் பகைவரைச் சுட்டு வீழ்த்துந்தோறும் எஞ்சியோர் விரைவாக நகர்வர். ஆட்டத்தின் பரபரப்பே அதுதான். அது முதலில் வகுத்துச் செய்யப்பட்டதன்று. அனைவரையும் வரைந்து முடிக்கச் செயலிக்கு நேரம் போதவில்லை. தொகை குறையக்குறைய வேலை குறைந்து விரைவு கூடிற்று. பொறியின் தளர்ச்சியே கலையின் அழகாயிற்று. அதனை விரைந்த செயலியொன்றிற்குக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தால், தொடக்கம் முதலே பகைவர் பாய்ந்து வருவர். பெயர்ப்பவர் பழைய பொறியின் தளர்ச்சியையும் அறிந்து பெயர்த்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டின் ஐபிஎம் கணினிச் செயலி செக்கனுக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புக்கள் கொண்டது. அவ்விரைவையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்ட விளையாட்டுக்கள் பின்வந்த கணினிகளில் ஆடமுடியாத விரைவோடு ஓடின. அதனாலன்றோ சில கணினிகளின் முகப்பில், விரைவைக் குறைத்தற்கென்றே ஒரு பொத்தான் வைக்கப்பட்டது!

விண்டோஸுடன் இலவசமாக வந்த பந்தாட்டமாகிய 'பின்போல்' இவ்விடர்கள் பலவற்றையும் ஒருங்கே கண்டது. 1995 இல் வெளியிலுள்ள ஒரு நிறுவனத்தார் எழுதியது அது. அக்காலத்தில் விண்டோஸின் என்ரி என்னும் வகை இன்ரெலில் மட்டுமன்றி, மிப்ஸ், அல்பா, பவர்பிசி ஆகிய செயலிகளிலும் ஓடுவதாயிருந்தது. செயலியின் மொழியிலேயே எழுதப்பட்டிருந்த பகுதிகள் அவற்றுக்கு உதவாவாகலின், மைக்ரோசொப்டைச் சேர்ந்த டேவிட் பிளம்மர் அவற்றைச் சி என்னும் பொதுமொழியில் திருப்பி எழுதினார். ஆயினும் படங்களைப் பொறி இயன்ற விரைவிலெல்லாம் வரையுமாறு விட்டிருந்தமையால், பின்வந்த கணினிகளில் இச்சிறு விளையாட்டு செயலியின் உழைப்பு முழுவதையும் விழுங்கிற்று. றேமண்ட் சென் என்பார் செக்கனுக்கு நூறு படங்களுக்குமேல் வரையலாகாதென எல்லை கட்டியபின் அச்சுமை நூற்றில் ஒருபங்கு அளவாகத் தணிந்தது.

ஆனால் 64 பிற்றுக்குப் பெயர்த்தபோது நேர்ந்ததை அவரால் தீர்க்க முடியவில்லை. 2012 ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பொன்றில் அது கூறப்பட்டுள்ளது. ஆட்டம் தொடங்கியதும் பந்து உந்துகோலின்மேல் வந்து தங்குதல் வேண்டும். புதிய பொறியிலோ பந்து ஆவியுருப் போன்று கோலையும் ஊடுருவி, மெல்ல மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. பந்து ஒன்றில் மோதிற்றா என்று கணிக்கும் பகுதியில், தசமப் பின்னக் கணக்கில் எங்கோ நுண்ணிய வேறுபாடு நேர்ந்துவிட்டது. சென்னும் நண்பரொருவரும் முயன்று பார்த்தனர். மூலநிரல் அவர் கையில் இருந்தது. ஆனால் அது வேறொருவர் பல ஆண்டுகளுக்குமுன் எழுதியது. விளக்கக் குறிப்புக்கள் பெரும்பாலும் இல்லாதது. அதனை விளங்கியவர் அந்நிறுவனத்தில் ஒருவருமிலர். பெயர்க்கவேண்டிய வேறு நிரல்களோ பல இலட்சம் வரிகள். எனவே பின்போல் விடப்பட்டது. உரையில்லாத மூலம் கையிலிருந்தும் விளங்காமற் போனமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

விளையாட்டுக்கென்றே விற்கப்படும் பொறிகளிலும் நிலை இதுவே. சோனி நிறுவனத்தார் 2006 இல் வெளியிட்ட பிளேஸ்டேசன் 3 இன் முற்பகுதிப் பொறிகளிற் பழைய பிளேஸ்டேசன் 2 இன் சில்லுகளையே உள்ளே வைத்து விற்றனர். செலவு கருதிப் பின்னர் நீக்கினர். அப்பொறியின் 'செல்' என்னும் செயலி ஒரு தலைவனும் பல ஏவலாளரும் கூடிய வீடு போன்றது. விளையாட்டு எழுதுவோர் ஒவ்வோர் ஏவலாளனுக்கும் வேலையைத் தாமே பகிர்ந்து கொடுத்தல் வேண்டும். 2013 இல் வந்த பிளேஸ்டேசன் 4 சாதாரண கணினிச் செயலியின் இனத்தது. முன்னையதன் வட்டுக்கள் அதில் ஓடவில்லை. 2013 யூனில் பழைய பொறிக்கு வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'த லாஸ்ற் ஒப் அஸ்', அடுத்த ஆண்டு யூலையில் புதிய பொறிக்கெனத் திரும்பவும் ஆக்கி விற்கப்பட்டது. அத்துணைப் புகழில்லாதன பழைய பொறியோடு நின்றன.

இவ்விடரை வருமுன்னரே உணர்ந்து காத்தவரும் உளர். 1979 ஆம் ஆண்டில், 'சோர்க்' என்னும் உரைவழி விளையாட்டைச் சிறு கணினிகளுக்குக் கொண்டுவர முயன்ற ஜோயல் பெரெஸ், மார்க் பிளாங் என்போர், உலகில் எங்கும் இல்லாத பொறியொன்றைக் கற்பனையில் வகுத்து, அதன் மொழியிலேயே விளையாட்டை அமைத்தனர். ஒவ்வோர் உண்மைக் கணினிக்கும் அக்கற்பனைப் பொறியை நடிக்கும் சிறு செய்நிரலொன்று எழுதினால் போதும். அந்நிறுவனத்து விளையாட்டுக்கள் அனைத்தும் அங்கே ஓடும். 1987 இல் லூக்காஸ் நிறுவனத்தாரும், 1991 இல் வெளிவந்த 'அனதர் வேர்ல்ட்' என்னும் விளையாட்டை ஆக்கிய பிரெஞ்சுக் கலைஞர் எரிக் ஷாயியும் இவ்வழியையே தத்தம் முறையில் மேற்கொண்டனர். உண்மைப் பொறிகள் வந்துவந்து மறைந்தன. என்றும் இல்லாத பொறிக்கோ மறைவில்லை. லூக்காஸ் நிறுவனத்து விளையாட்டுக்களின் கற்பனைப் பொறியைத் தன்னார்வலர் சிலர் 2001 இல் தாமே எழுதத் தொடங்கினர். 'ஸ்கம்விஎம்' எனப்படும் அச்செய்நிரலின் துணையால், அவை கைத்தொலைபேசியிலும் இன்று ஆடப்படுகின்றன.

அத்தகைய முன்னறிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. 2010 இற்கு முன்னர் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 பங்கு இன்று விலைகொடுத்து வாங்கக் கிடையா என, விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023 ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டது. அவற்றைப் போன்மிகளில் ஓட்டலாமே எனின், ஓட்டலாம். மிஸ்ற் வட்டையும் அவ்வாறு ஓட்டுவார் உளர். ஆனால் பழைய மக்கின்தோஷை நடிக்கும் போன்மிக்கு அப்பொறியின் உள்ளே பதிந்த நிரலின் படி வேண்டும். அதன் உரிமை அப்பிள் நிறுவனத்தாருடையது. செத்த மொழியைக் கற்கலாம். அதன் அகராதியைப் படியெடுக்கலாகாது என்பது போன்ற நிலை இது. வணிகர் தாம் விற்காத பொருளுக்கும் வேலியிட்டு நிற்றல் நியாயமன்று.

மூலநிரலை வெளியிட்டோர் செய்தது இதற்கு நேர்மாறானது. 1993 டிசெம்பரில் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு, ஐபிஎம் வழிவந்த கணினிகளுக்கென விற்கப்பட்டதேயாயினும், ஆக்கப்பட்டது வேறு செயலிகொண்ட நெக்ஸ்ற் என்னும் கணினிகளில். பெரும்பகுதி சி மொழியில் அமைந்தது. பிறந்தபோதே இருமொழி கேட்டு வளர்ந்த பிள்ளை அது. 1997 டிசெம்பரில் அதன் மூலநிரலை ஆக்கியோர் யாவர்க்கும் திறந்து வைத்தனர். அதன்பின் அது புகாத செயலி இல்லை எனலாம். கைக்கணிப்பான்களிலும் அதனை ஓட்டிக் காட்டுவோர் உளர். ஈண்டு முன்னர் விடுத்த வினாவுக்கு விடை கிடைக்கின்றது: பெயர்த்தெழுதிய டூமை எவரும் வேறு விளையாட்டென்று கருதவில்லை.

மற்று, 'பிறின்ஸ் ஒப் பேர்சியா' என்னும் விளையாட்டின் கதை வேறு. ஜோர்டன் மெக்னர் என்பார் அதனைப் பல்லாண்டு உழைத்து, 1989 இல் அப்பிள் 2 கணினிக்கென 6502 செயலியின் மொழியிலேயே எழுதி முடித்தார். தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அவ்வசைவுகளை ஒவ்வொன்றாகத் திரைக்குப் பெயர்த்திருந்தார். ஆனால் 1977 இல் தோன்றிய அப்பிள் 2 அப்போது முதுமை எய்திவிட்டது. வாங்குவார் சிலரே. விளையாட்டு பொறியோடு மடிய வேண்டியது. பிறர் அதனை வேறு கணினிகளுக்குத் திருப்பி எழுதினர். 1992 இல் வந்த மக்கின்தோஷ் வடிவத்தின் பின்னர் அதன் புகழ் ஓங்கிற்று. அவ்வளவில் முதல் மூலநிரல் எங்கோ காணாமற் போயிற்று. மெக்னர் பல ஆண்டு தேடியும் கண்டிலர்.

2012 ஆம் ஆண்டில் அவர் தந்தையார் தம் வீட்டுப் பண்டங்களிடையே பெட்டியொன்றைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். பழைய விளையாட்டுப் படிகளின் நடுவே, மகன் கையெழுத்துப் பொறித்த காந்தத் தட்டுக்கள் அதனுள் இருந்தன. காந்தப் பதிவு இருபது ஆண்டிற்குமேல் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. பழைய கணினிகளைப் பேணும் வல்லுநர் வந்திருந்து, ஒவ்வொரு தட்டாக வாசித்தெடுத்தனர். பெரும்பாலும் பழுதில்லை. அவ்வாண்டு ஏப்பிரிலிலேயே மெக்னர் அதனை யாவர்க்கும் வெளியிட்டார்.

அதனை எடுத்துப் படித்தோருட் சிலர் புதிய பொறியை நாடவில்லை. பிரித்தானியப் பள்ளிகளில் ஒருகாலத்திற் பரவியிருந்த பிபிசி மாஸ்ரர் என்னும் 1986 ஆம் ஆண்டுக் கணினியும் 6502 குடும்பத்துச் செயலி கொண்டது. நினைவகமும் அப்பிள் 2 இன் அளவே, 128 கிலோபைற்று. அக்கணினிக்கு அவ்விளையாட்டு அந்நாளில் எழுதப்படவில்லை. மெக்னரின் மூலநிரலைக் கொண்டு, திரைக்கும் ஒலிக்கும் உரிய பகுதிகளை மாத்திரம் புதிதாக அமைத்து, 2018 ஆம் ஆண்டில் அவர்கள் அதனை அப்பழைய பொறியில் ஓடச் செய்தனர்.